வெளிப்பக்கத்து ஊரிகள்

ஸஹ்னா பிறந்தது கற்பிட்டிக்குப் பக்கத்தில், ஓலைக் கொட்டில்கள் நெருக்கியடித்து நின்ற ஒரு முகாமில். வாப்பா நெய்னாரும் உம்மாவும் தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கியவர்கள். முகாம் மெல்ல ஊரானது. கொட்டில் இருந்த இடத்தில் கல்வீடு எழும்பியது. வாப்பா புத்தளம் நகரத்தில் கருவாட்டுக் கடை போட்டார். போர் முடிந்தபோது அவள் உயர்தர வகுப்பில் இருந்தாள். மன்னாருக்குத் திரும்பிப் போகும் கதை வீட்டில் கொஞ்சக் காலம் அடிபட்டு, பிறகு தானாக நின்றுபோனது. அவள் பல்கலைக்கழகம் போய் உயிரியல் படித்தாள். படித்து முடித்து, கலாநிதி ஹாசிமின் கீழே ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள்.

ஆய்வு கடல் நத்தைகளைப் பற்றியது. பாறையிலும் கண்டல் வேரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், விரல்நகம் அளவான நத்தைகள். இந்தக் கரையில் அவற்றை ஊரி என்பார்கள். அலை அடிக்கும் பாறையில் இருக்கும் ஊரிக்கு ஓடு மெல்லியது, வாய் அகலம், பிடித்து நிற்கும் பாதம் பெரியது. அலையில்லாத, நண்டுகள் உலாவும் இடத்தில் இருப்பதற்கு ஓடு தடித்தது, வாய் ஒடுக்கம். பெரிய பாதம் இல்லாவிட்டால் அங்கே அலை பிடுங்கிவிடும். தடித்த ஓடு இல்லாவிட்டால் இங்கே நண்டு உடைத்துவிடும். சிலாபத்துப் பக்கமும் இதே கதைதான், கற்பிட்டிப் பக்கமும் இதே கதைதான். ஆனால் இந்த வகை ஊரி நீந்திப் போகாது. முட்டையையும் இருக்கும் பாறையிலேயே இடும். நடுவே கிடக்கும் மணற்கரை முழுவதையும் தாண்டி ஒரு பக்கத்து ஊரி மறுபக்கம் போய்ச் சேர வழியில்லை. அப்படியிருக்க, இரண்டு இடத்திலும் தனித்தனியாக ஒரே மாற்றம் நடந்தது எப்படி? ஒரே பரம்பரையலகுகள்தான், அதாவது ஒரே மரபணுக்கள்தான், இரண்டு இடத்திலும் வேலை செய்தனவா, அல்லது இரண்டு இடமும் வெவ்வேறு வழியில் போய் ஒரே வடிவத்துக்கு வந்தனவா? ஹாசிம் சேர் அவளிடம் கொடுத்த கேள்வி அது.

சிலாபத்துப் பக்கத்து ஊரிகளை அவள் கடல் அமைதியாக இருந்த மாதங்களில் பஸ்ஸில் போய் எடுத்துவிட்டாள். கற்பிட்டிப் பக்கத்துக்கு வள்ளம் வேண்டும். குடாவுக்கு வெளியே ஒரு சின்னப் பாறைத்தீவு இருக்கிறது. அதன் உள்பக்கம் குளம் போல் கிடக்கும். வெளிப்பக்கம் பெருங்கடலைப் பார்த்தபடி அடி வாங்கிக்கொண்டிருக்கும். அங்கே கூட்டிப்போக அமர்த்தியவர் பேதுரு.

பேதுரு தலவிலைப் பக்கத்து மனிதர், நாற்பதைக் கடந்தவர். தமிழில் தொடங்கும் பேச்சைச் சிங்களத்தில் முடிப்பார். மனைவி எமிலியா தும்புக் கயிறு திரிக்கும் இடமொன்றில் வேலை செய்தாள். பேதுரு முதல் நாளே ஸஹ்னாவைத் தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவள் கேட்காமலே ஜும்ஆத் தொழுகை நேரத்துக்கு முன் கரை சேர்த்துவிடுவார். ஊரி பொறுக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆள் வந்திருப்பதைச் சந்தையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் அவள் சொன்னபடியே பொறுக்கினார்.

"பார்த்துத் தெரிஞ்சு எடுக்க வேணாம் அண்ணே," என்று அவள் சொல்லியிருந்தாள். "பெரிசு, சின்னன், வடிவு ஒண்டும் பாக்காம, கை பட்டதெல்லாம் எடுங்க."

"கண்ண மூடிக்கொண்டா?"

"ஓம், அப்படி வச்சுக்கொள்ளுங்க."

இரண்டு பயணம் உள்பக்கத்துக்குப் போனார்கள். அதற்குள் தென்மேல் காற்றுத் தொடங்கிவிட்டது. ஹாசிம் சேர் தொலைபேசியில் எடுத்து, "வெளிப்பக்கம் இப்ப வேணாம். கடல் அடங்கின பிறகு எடுப்பம்," என்றார். கடல் அடங்க ஒக்டோபர் ஆகும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கலாநிதிப் படிப்புக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். கற்பிட்டி முடிவும் கையில் இருந்தால் அந்த இடம் தனக்குத்தான் என்று நம்பியிருந்தாள். வாப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் வெளிநாடு போகப் போவதாகச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அவள் பேதுருவின் வீட்டுக்குப் போனாள். அவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வெளிப்பக்கம் ஒருக்காப் போகணும்."

"இப்பவா? கடலப் பாத்தீங்களா தங்கச்சி? கூட வாற அந்தோனியும் மாட்டன் என்டுதான் நிப்பான்."

"சேர் இந்த மாசத்துக்குள்ள வேணுமாம். கட்டாயம் என்டு சொல்லிட்டார்."

அந்த வார்த்தை அவள் வாயில் தடையில்லாமல் வந்தது. பேதுரு கொஞ்ச நேரம் தென்னைகளின் தலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று எந்தப் பக்கம் என்று அதில் தெரியும்.

"பெரிய மனுசன் தேவையில்லாமக் கேக்க மாட்டார்தானே," என்றார். "காலையில கொஞ்சம் அடங்கியிருக்கும். போய்ப் பாப்பம்."

அந்தோனி வரவில்லை. பேதுருவும் அவளும் மட்டும் போனார்கள். முதலில் உள்பக்கத்தில், கணக்குக்குக் குறைந்திருந்த ஊரிகளை அவள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் எடுத்துக்கொண்டாள். பிறகு வள்ளம் தீவைச் சுற்றி வெளிப்பக்கம் வந்தது. அலை பாறையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பேதுரு இஞ்சினை மெதுவாக்கி, ஒரு பாறை முளையில் கயிற்றைச் சுற்றி, மறுமுனையை அவள் கையில் கொடுத்தார்.

"நீங்க இறங்க வேணாம். நான் பொறுக்குறன். அலை வரக்குள்ள தளர்த்துங்க, போகக்குள்ள இழுங்க. அவ்வளவுதான்."

கழுத்தில் துணிப்பையை மாட்டிக்கொண்டு அவர் பாறையில் குதித்தார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பை நிரம்பியதும் அவர் கையைக் காட்டித் திரும்பினார். ஒரு காலை வள்ளத்தில் வைக்கப்போன நேரத்தில் பெரிய அலை ஒன்று எழும்பியது. அவள் தளர்த்த வேண்டும். பயத்தில் அவள் இன்னும் இறுக்கி இழுத்தாள். வள்ளம் மேலே ஏறி, பாறையோடு மோதி இறங்கியது. நடுவே பேதுருவின் வலது கால் இருந்தது.

அவர் கத்தவில்லை. ஒரு மூச்சு மட்டும் வெளியே போனது. பிறகு அவரே வள்ளத்துக்குள் உருண்டு விழுந்து, அவரே கயிற்றை அறுத்து, அவரே இஞ்சினைத் திருப்பிக் கரைவரை ஓட்டி வந்தார். ஸஹ்னா அவருடைய காலைத் தன் சால்வையால் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். சால்வை நனைந்து கனத்தது. வள்ளத்தின் அடியில் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பையின் வாயும் அவிழ்ந்திருந்தது. உள்பக்கத்து ஊரியும் வெளிப்பக்கத்து ஊரியும் தண்ணீரோடு ஒன்றாகப் புரண்டுகொண்டிருந்தன.

கணுக்கால் நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை வெட்டித் தைத்தார்கள். காலைக் காப்பாற்றினார்கள், ஆனால் அது பாதம் திரும்பாமல் விறைத்துவிட்டது. நிலத்தில் ஊன்றி நடக்கலாம். ஆடும் வள்ளத்தில் நிற்க முடியாது.

ஹாசிம் சேருக்கு அவள் தொலைபேசியில் சொன்னாள். "நீங்க வேணாம் என்டு சொன்னீங்கதான் சேர். ஆனா கடல் அடங்கியிருக்கு, போகலாம் என்டு பேதுரு அண்ணன்தான் சொன்னார்." மறுமுனையில் சேர் பெருமூச்சு விட்டார். ஆளைப் பார்க்க வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். இப்படி, பேதுருவிடம் பிழை சேருடையது என்றும், சேரிடம் பிழை பேதுருவுடையது என்றும் அவள் வைத்துவிட்டாள். ஒருவர் புத்தளத்துக் கரையிலும் மற்றவர் பல்கலைக்கழகத்திலும் இருந்ததால் அது அப்படியே கிடந்தது.

வள்ளத்திலிருந்து அள்ளி வந்த ஊரிகள் அவள் வீட்டு வாளி ஒன்றில் உயிரோடு இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு பின்னேரம் அவள் அவற்றை மேசையில் கொட்டினாள். எறிந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு மனிதரின் கால் போய்க் கிடைத்ததை எப்படி எறிவது என்று பிறகு நினைத்தாள். எது எந்தப் பக்கத்தது என்று ஓட்டைப் பார்த்தாலே தெரிந்தது. மெல்லியதை ஒரு பக்கம் வைத்தாள், அது வெளிப்பக்கம். தடித்ததை மறுபக்கம் வைத்தாள், அது உள்பக்கம். செய்துகொண்டிருக்கும்போதே இது கூடாது என்று தெரியும். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறாளோ அந்த விடையை வைத்தே ஊரிகளைப் பிரிக்கிறாள். ஆனாலும் கை நிற்கவில்லை.

உம்மா கதவடியில் வந்து நின்று பார்த்தாள்.

"அந்த மனுசண்ட கால் எப்படி?"

"அப்படியேதான் உம்மா."

"அவர்ட ஆக்கள்தான் நம்மளக் கரையேத்தின சனம்," என்றாள் உம்மா. "நாங்க வந்து இறங்கக்குள்ள சோறு வச்சுக்கொண்டு நின்டதுகள்." குசினிக்குப் போய்விட்டாள்.

ஆய்வுகூடத்தின் முடிவு வந்தது. ஊரியின் பரம்பரையலகுகளைச் சுமக்கும் நிறமூர்த்தம் ஒன்றில் ஒரு நீண்ட துண்டு இருக்கிறது. சில ஊரிகளில் அது நேராக இருக்கும்; சிலவற்றில் அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பி இருக்கும். ஓட்டின் தடிப்பையும் பாதத்தின் அளவையும் தீர்மானிக்கும் பரம்பரையலகுகள் பல அந்தத் துண்டுக்குள் ஒரே கட்டாகப் போகின்றன. சிலாபத்துப் பக்கத்தில் அலைப்பாறை ஊரிகளில் பெரும்பாலானவை திரும்பிய துண்டைக் கொண்டிருந்தன, ஆனால் சில விதிவிலக்குகளும் இருந்தன. கற்பிட்டித் தீவின் வெளிப்பக்கத்தில் விதிவிலக்கு ஒன்றுகூட இல்லை. அங்கே எல்லாமே திரும்பிய துண்டுதான்.

ஹாசிம் சேர் சந்தோஷப்பட்டார். "இரண்டு இடத்திலும் ஒரே துண்டு. நல்ல முடிவு ஸஹ்னா," என்றார். அந்த முடிவோடு வெளிநாட்டிலிருந்து இடமும் கிடைத்தது. வாப்பா கடையில் எல்லோருக்கும் சர்பத் கொடுத்தார். ஸஹ்னா அன்று வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

பேதுருவைப் பார்க்க அவள் போகாமல் இல்லை. பழம் கொண்டு போவாள், கொஞ்ச நேரம் இருப்பாள். அவளால் தாங்க முடியாதது, அவர் அவளுக்காகப் பேசியதுதான். அக்கம்பக்கத்தார் யாராவது "அந்தப் படிச்ச பொம்புளையால வந்தது" என்றால், பேதுரு கோபப்படுவார். "அது என்ன செய்யும்? மேல இருந்து சொன்னாச் செய்யத்தானே வேணும். அதுவும் என்னப் போல சொல்லுக் கேக்கிற ஆள்தான்."

அவள் வெளிநாடு புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது ஹாசிம் சேர் வந்தார். இவ்வளவு நாள் வராமல் இருந்ததற்குத் தனக்கே வெட்கமாக இருப்பதாகச் சொன்னார். ஸஹ்னாவையும் வானில் ஏற்றிக்கொண்டு பேதுருவின் வீட்டுக்குப் போனார். அவள் தடுக்கப் பார்த்தாள். வீட்டில் இருக்க மாட்டார் என்றாள், ஆஸ்பத்திரி நாள் என்றாள். சேர் கேட்கவில்லை.

பேதுரு வீட்டு வாசலில் ஒரு கதிரையில் உட்கார்ந்து, கழற்றிய வள்ள இஞ்சின் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடலுக்குப் போக முடியாததால் இஞ்சின் திருத்தும் வேலை பழகத் தொடங்கியிருந்தார். எமிலியா பிளேன்டீ கொண்டுவந்து வைத்தாள். சுகம் விசாரித்து முடிந்ததும் பேதுரு பணிவாகவே சொன்னார்.

"சேர், குறை நினைக்க வேணாம். ஒரு சொல்லு சொல்லணும் என்டு இருந்தன். நீங்க அந்த மாசம் அவசரப்படுத்தியிருக்கக் கூடாது. உங்களுக்குக் கடல் தெரியாது, அது சரி. ஆனா இந்தப் புள்ள பயந்துகொண்டுதான் வந்துது. உங்கட சொல்லத் தட்ட ஏலாமத்தான் நாங்க போனது."

ஹாசிம் சேர் ஸஹ்னாவைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. எமிலியா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓம் பேதுரு," என்றார் சேர். "பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

பேதுரு தலையாட்டினார். மனதில் கிடந்த பாரம் இறங்கியவரைப் போல் திரும்பவும் இஞ்சினைத் துடைத்தார்.

வான் பாலாவிச் சந்தியைத் தாண்டியது. சேர் ரோட்டோரமாக நிறுத்தச் சொன்னார். சாரதி இறங்கிப் போனார்.

"அந்த மனுசண்ட வீட்டுக்குள்ள வச்சு உங்கள வெக்கப்படுத்த எனக்கு ஏலாமப் போச்சு," என்றார். "அதுக்காக இது எண்ட தலையில இருக்கட்டும் என்டு நினைக்காதீங்க. வேற என்ன மறைச்சிருக்கீங்க?"

அவள் சொன்னாள். கயிற்றை இறுக்கியதைச் சொன்னாள். வள்ளத்தில் கலந்துபோன ஊரிகளைச் சொன்னாள். மேசையில் ஓட்டைப் பார்த்துப் பிரித்ததைச் சொன்னாள். சேர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தீவிட வெளிப்பக்கத்துல விதிவிலக்கு இல்லாமப் போனது அதாலதான்," என்றார் கடைசியில். "நான் அதப் பாத்துச் சந்தோஷப்பட்டன்."

"ஓம் சேர்."

"அந்த ஊரி ஒண்டையும் கணக்கில எடுக்கேலாது. விளங்குதா? ஒண்டையும்."

அவளுக்கு விளங்கியது. பேதுருவின் காலை வாங்கிய ஊரிகள் இனி எதற்கும் ஆகாது. அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் அந்தக் கால் ஏதோ ஒன்றுக்காகப் போனதாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை அவள் தனியாகப் போனாள். பேதுரு அதே கதிரையில் இருந்தார். எமிலியா வேலைக்குப் புறப்பட்டு நின்றாள்.

"சேர் கேக்கல்ல அண்ணே," என்றாள் ஸஹ்னா, நின்றபடியே. "போக வேணாம் என்டுதான் சொன்னார். நான்தான் உங்களிட்ட மாத்திச் சொன்னன். நேத்து அவர் எனக்காகத்தான் ஓம் என்டது."

பேதுருவின் கை நின்றது.

"கயிறையும் நான்தான் இறுக்கிட்டன். தளர்த்தச் சொன்னீங்க."

"அது எனக்குத் தெரியும்," என்றார் அவர். "அது பயத்துல நடந்தது. அத நான் ஒருநாளும் பிழையா எடுக்கல்ல." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "சேர் கேட்டார் என்டதாலதான் நான் மறுக்கல்ல. நீங்க உங்களுக்காகக் கேட்டிருந்தா, கடல் அடங்கட்டும் தங்கச்சி என்டு சொல்லியிருப்பன். அதச் சொல்ல நீங்க எனக்கு இடம் தரல்ல."

அவர் கதிரையைத் திருப்பி அவளை நேராகப் பார்த்தார்.

"அந்த ஊரி என்ன ஆச்சு?"

"கலந்து போச்சு. நான் பிழையாப் பிரிச்சிட்டன். பாவிக்கேலாது."

பேதுரு தன் விறைத்த காலைப் பார்த்தார். எமிலியா கையிலிருந்த சோற்றுப் பார்சலைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தாமல், "போங்க மகள்," என்றாள். "இப்ப இங்க இருந்து போங்க."

ஸஹ்னா வெளிநாட்டுக்கு எழுதி, முடிவு பிழை என்று அறிவித்தாள். இடம் போனது. வாப்பா காரணம் கேட்டார், சொன்னாள். அவர் கடையில் யாரிடமும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை, அவளிடமும் அதிகம் பேசவில்லை. மாசி மாதம் கடல் பளிங்காகக் கிடந்தபோது, ஆலங்குடாவைச் சேர்ந்த ஜப்பார் என்பவரின் வள்ளத்தில் அவள் தீவுக்குப் போனாள். வெளிப்பக்கத்தில் தானே இறங்கினாள். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கை பட்டதையெல்லாம் எடுத்தாள். பொறுக்கி முடிந்த பிறகும் ஜப்பார் கூப்பிடும் வரை பாறையிலேயே குந்தியிருந்தாள்.

இந்த முறை வந்த முடிவு வேறு. தீவின் வெளிப்பக்கத்திலும் விதிவிலக்குகள் இருந்தன. ஆய்வு நிறைவேறியது. அவள் புத்தளத்தில் ஒரு பாடசாலையில் உயிரியல் ஆசிரியையானாள். பேதுருவின் வீட்டுப் பக்கம் போக அவளுக்குக் கால் வரவில்லை. ஒருநாள் ஜப்பார் பாடசாலை வாசலில் வந்து நின்றார். தன் இஞ்சினைத் திருத்தக் கொடுக்கப் போன இடத்தில் பேதுரு சொல்லியனுப்பியதாகச் சொன்னார்: "அந்த ஊரிட முடிவ எனக்கு வந்து சொல்லச் சொல்லுங்க."

அவள் போனாள். வாசலில் இஞ்சின்கள் மூன்று நாலு நின்றன. வேலை பிடித்துக்கொண்டது தெரிந்தது. பேதுரு அவளை மிஸ் என்று கூப்பிட்டு, இருக்கச் சொன்னார்.

"சொல்லுங்க மிஸ். என்னதான் இருந்துது அதுக்குள்ள?"

அவள் தன்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். மெல்லிய ஓடும் பெரிய பாதமும் சிலாபத்திலும் இங்கேயும் தனித்தனியாகத்தான் பெருகின. ஆனால் அதற்கான பரம்பரையலகுகள் இரண்டு இடத்திலும் புதிதாகப் பிறக்கவில்லை. இரண்டு இடத்து ஊரிகளும் பிரிவதற்கு முன்பிருந்தே, பழைய ஊரிகளிடம் இரண்டு வகையும் இருந்தன. அலை அடிக்கும் இடத்தில் ஒரு வகை பிழைத்துப் பெருகும், நண்டு இருக்கும் இடத்தில் மற்ற வகை. ஆனாலும் மற்றது முழுக்க அழிந்துபோவதில்லை. அலைப்பாறையிலும் தடித்த ஓட்டு ஊரி அங்கொன்று இங்கொன்றாகப் பிழைத்துக் கிடக்கும். இடம் மாறினால் அதிலிருந்துதான் திரும்பவும் பெருகும்.

"அப்ப, வெளிப்பக்கத்துல நான் பொறுக்கினதுக்குள்ளயும் தடிச்ச ஓடு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும் அண்ணே. நான் சொன்னபடியே நீங்க கண்ண மூடிக்கொண்டு எடுத்தீங்க. நான்தான் அதுகளப் பிடிச்சு உள்பக்கம் என்டு மத்தப் பக்கம் போட்டுட்டன். அன்டைக்கு நான் பிரிக்காம இருந்திருந்தா, கலந்து போச்சு என்டு சேரிட்ட உடனே சொல்லியிருந்தா, குறைஞ்சது அந்தப் பொய் முடிவாவது வந்திருக்காது."

பேதுரு ஒரு போல்ட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "அது இப்ப என்னத்துக்கு," என்றார். கோபமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து வேலையைத் தொடங்கினார்.

அவள் எழும்பினாள். எமிலியா ரோட்டு வரை கூடவே வந்தாள். வேலிப் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவர் மனசு ஆறிட்டுது போல," என்றாள். "எனக்கு இன்னும் இல்ல மகள். ஒவ்வொரு நாளும் காலையில அந்தக் காலைப் பாக்கிறது நான்."

"தெரியும் அக்கா."

"எப்ப ஆறும் என்டும் எனக்குத் தெரியாது. ஆனா ரோட்டுல என்னக் கண்டாத் தலையக் குனிஞ்சுகொண்டு போறீங்க. அது வேணாம். அதப் பாத்தா எனக்கு இன்னும் ஆத்திரம் வருது."

ஸஹ்னா சரி என்றாள். பாடசாலை விடும் நேரத்தில், வேலை முடிந்து கைகளில் தும்பு ஒட்டியிருக்க எமிலியா அந்த வழியாகத்தான் வருவாள். இப்போது ஸஹ்னா நிமிர்ந்து பார்க்கிறாள். எமிலியா சில நாள் தலையசைப்பாள், சில நாள் இல்லை.